பந்து புறப்படுமுன்

ஹாக்கி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டம். பந்து இக்கோலுக்கும் அக்கோலுக்குமாகப் போய்வரும் வேகத்தில், ஒரு தாக்குதல் எங்கே முளைத்தது, அதை யார் எப்படி முறியடித்தார்கள் என்பதைத் திடலோரத்தில் நின்று நேரில் பார்ப்பவர் பிரித்தறிந்து சொல்வது பெரும்பாலும் அசாத்தியமான காரியம். ஆனால் அந்த ஓட்டத்தின் நடுவே, வட்டத்துக்குள் தற்காப்பாளர் ஒருவர் தவறிழைத்து, நடுவர் இரு கைகளையும் கோலை நோக்கி நீட்டிவிட்டாரானால், எல்லாம் சட்டென்று நின்றுவிடுகிறது. தற்காக்கும் கட்சியில் கோல் காவலரையும் சேர்த்து ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். தாக்கும் கட்சியில் ஒருவர் கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டின்மேல் பந்தை வைத்துக் குனிகிறார். அவருடைய தோழர்கள் 14.63 மீட்டர் ஆரமுடைய அந்த வட்டத்தின் விளிம்பில் காத்திருக்கிறார்கள். பந்து பின்கோட்டிலிருந்து புறப்பட்டுக் கோலை எட்டும் வரை ஏறக்குறைய இரண்டு விநாடி. பெனால்டி கார்னர் என்னும் இந்த இரண்டு விநாடியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதிலேயே என் உத்தியோக காலத்து மாலைகளும், ஓய்வு பெற்றபின் பகல்களுங்கூடக் கழிந்திருக்கின்றன.

நான் பினாங்கில் பிறந்து, ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணிதம் கற்பித்தவன். எங்கள் தலைமுறையில், ரயில்வேயிலும் அரசாங்க இலாகாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை பார்த்த மலாயாத் தமிழர்களின் வீடுகளில், கதவுக்குப் பின்னால் ஒரு ஹாக்கி மட்டை சாத்தியிருப்பது விசேஷமான காட்சியன்று. ஆகவே பள்ளியில் பையன்களுக்கு ஹாக்கி பழக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததில் ஆச்சரியம் ஏதுமில்லை. ஆட்டத்தைப் படம்பிடித்து ஆராய்ந்து சொல்லும் வேலை அதன் பின்னாலேயே வந்தது. முதலில் என் சொந்த அணிக்கு, பிறகு கேட்டு வந்த பிற இளைஞர் அணிகளுக்கு.

அக்காலத்துப் படக்கருவி தோளில் தூக்கிச் சுமக்க வேண்டியது. வீட்டில் பெட்டியில் நாடாவைப் போட்டு ஓட்டி, வேண்டிய இடத்தில் நிறுத்தினால், திரையின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் நடுங்கும். நாம் பார்க்க விரும்பிய கால் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு அடியில்தான் மறைந்திருக்கும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் நாடா தேய்ந்துபோகும் என்பதால், இரண்டு பெட்டிகளைக் கம்பியால் இணைத்து, கார்னர்களை மட்டும் தனி நாடாவில் நகலெடுத்துக்கொள்வேன். கொம்தார் கட்டடத்துக் கடைகளில் வாங்கிய வெற்று நாடாக்கள் அலமாரியில் வரிசையாக அடுக்கியிருக்கும். தமிழ்ப்படம் என்று நினைத்து எடுத்துக்கொண்டு போன உறவினர் உண்டு. இப்போது ஒரு மடிக்கணினியில் எல்லாம் அடங்கிவிட்டது. பிரேம் பிரேமாக நகர்த்தலாம், கோடு வரையலாம், இரண்டு கார்னர்களை அருகருகே வைத்து ஒப்பிடலாம். சௌகரியம் பெருகியிருக்கிறதே ஒழிய, பார்க்க வேண்டிய பொருள் அன்றும் இன்றும் ஒன்றே.

இந்த வித்தையை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய கால்பந்து ஆட்டம் முழுவதும் நம் பெனால்டி கார்னரைப் போன்ற சிறு சிறு கட்டங்களால் ஆனது: இரு கட்சியும் எதிரெதிரே அணிவகுத்து நிற்கும், பந்து பின்னால் தள்ளப்படும், சில விநாடிகளில் எல்லாம் முடிந்து மறுபடியும் அணிவகுப்பு. நின்று தொடங்கும் ஆட்டமாகையால் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக வெட்டியெடுத்து ஆராய முடிகிறது. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியை 1946 முதல் நடத்திய பால் பிரவுன் என்னும் பயிற்றுநர், படச்சுருளை வைத்து ஆட்டக்காரர் ஒவ்வொருவரையும் மதிப்பிடும் வழக்கத்தை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர். அங்கே பயிற்றுநர்களுக்கென்று எடுக்கப்படும் படத்துக்கு ‘ஆல் ட்வென்டி-டூ’ என்று பெயர். திடலிலுள்ள 22 பேரும் ஒருவர் விடாமல் தெரியும்படி மிக உயரத்திலிருந்து எடுப்பது. அத்துடன் கோலின் பின்புறத்திலிருந்தும் ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆட்டத்தின் விதிகள் எனக்கு இன்றுவரை முழுவதும் பிடிபட்டதில்லை. ஆனால் அந்தப் படங்களில் தற்காப்பு வரிசையின் கால்களைப் பார்க்கும்போது, கண்டம் கடந்து என் தொழிலைச் செய்யும் மனிதர்களைச் சந்தித்த சந்தோஷம் உண்டாகிறது.

தொலைக்காட்சிப் படத்தை வைத்துக்கொண்டு கார்னர் தற்காப்பை ஆராய முற்படுபவர்கள் முதலில் உணர வேண்டியது, அந்தப் படம் பந்துக்காக எடுக்கப்பட்டது என்பதை. பந்து எங்கே போகிறதோ அங்கே படக்கருவியும் போகும். பந்தைப் பின்கோட்டிலிருந்து தள்ளுபவரைக் காட்டும். பிறகு வட்டத்தின் உச்சியில் அதை நிறுத்துபவரையும் இழுத்து எறிபவரையும் காட்டும். அதற்குப் பிறகு வலை குலுங்குவதைக் காட்டும். கோட்டிலிருந்து பாய்ந்த நால்வரின் முதல் மூன்று அடி அதில் அகப்படவே அகப்படாது. கார்னர் தடுக்கப்படுவதும் தடுக்கப்படாமற்போவதும் தீர்மானமாவது அந்த மூன்று அடியில்தான் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகையால் மிண்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஹாக்கித் திடலுக்குப் போனாலும், வெறும் பள்ளித் திடலுக்குப் போனாலும், நான் முதலில் தேடுவது கோலுக்குப் பின்னால் உயரமான ஓர் இடம். படிக்கட்டு இருந்தால் பாக்கியம். இல்லாவிட்டால் லாரியின் பின்தட்டு, அதுவும் இல்லாவிட்டால் ஏணி. பினாங்கின் மாலை மழைக்கு ஒரு குடை. கண்ணாடியில் விழும் துளியைத் துடைக்க ஒரு துண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நீலத் திடலும் மஞ்சள் பந்தும் வந்த பிறகு, எங்களைப் போன்றவர்களின் கண்ணுக்குப் பெரிய உபகாரம் செய்யப்பட்டது. பச்சையில் வெள்ளைப் பந்தை, அதுவும் தண்ணீர் தெறிக்கும் திடலில் தேடிய கஷ்டம் இளைஞர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

இனி அந்த இரண்டு விநாடியின் கணக்கைச் சொல்கிறேன். பந்து பின்கோட்டிலிருந்து வட்டத்தின் உச்சிக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு விநாடி. அதை நிறுத்தி, மட்டையின் வளைவில் ஏந்தி இழுத்து எறிவதற்கு அரை விநாடி. டிராக் ஃபிளிக் என்னும் அந்த எறிதலில் பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறப்பது சாதாரணம். கோலை எட்ட அதற்கு இன்னும் ஓர் அரை விநாடிதான் வேண்டும். பந்தை ஓங்கி அடிப்பதாயின், முதல் அடி கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. எறிவதற்கு அந்த வரம்பு இல்லை. பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் சர்வதேச ஆட்டங்களில் 348 கோல்கள் போட்டதன் ரகசியத்தில் பாதி இந்த விதியில் இருக்கிறது.

தற்காப்பவர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இவ்வளவுதான். முதலில் பாயும் ரன்னர் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, எறிபவர் பந்தை விடுவிக்கும் க்ஷணத்துக்குள் எட்டு மீட்டர் அளவு ஓடியிருப்பார். அவருடைய கடமை பந்தைப் பிடுங்குவது மட்டும் என்று நினைப்பவர் பலர். உண்மையில் அவர் கோலின் ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு ஓடுகிறார். மறுபக்கம் கோல் காவலருடையது. இருவருக்கும் இடையே முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ரன்னர் தன் பாதையிலிருந்து ஓரடி விலகினால், காவலரின் பார்வை மறைந்துபோகும். விலகிய பக்கத்தில் கோலும் திறந்துபோகும். இரண்டாவது ரன்னர், பந்து எறியப்படாமல் பக்கவாட்டில் தள்ளப்பட்டால் அங்கே போக வேண்டியவர். மூன்றாமவர் கம்பத்தருகே நிற்பவர். நான்காமவர் காவலரின் காலில் பட்டுத் தெறிப்பதை அப்புறப்படுத்துபவர். ஒருவரை மட்டும் பாயவிட்டு மூவரைப் பின்னே நிறுத்துவது ஒரு வியூகம். இருவர் இருவராகப் பிரிவது இன்னொன்று. எதிர்க்கட்சியின் பழக்கத்தைப் படத்தில் பார்த்துத்தான் எதை எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும். எறிபவர் பந்துக்கு எவ்வளவு பின்னாலிருந்து ஓடிவருகிறார், நிறுத்துபவர் குனிவதற்கு முன் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார், ஏமாற்றுத் திட்டம் இருக்கும் நாளில் பின்கோட்டில் குனிந்திருப்பவர் தள்ளியபின் உள்ளே ஓடிவரத் தயாராகக் காலை மாற்றி வைக்கிறாரா: இவையெல்லாம் பந்து புறப்படுமுன்பே அவர்கள் நமக்குச் சொல்லிவிடும் சமாசாரங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் அணியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் முதல் ரன்னராக இருந்தான். நூறு மீட்டர் ஓட்டத்தில் அந்த அணியில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கார்னர் என்று வந்துவிட்டால் எப்போதும் தாமதம். பந்துக்குப் பயப்படுகிறான் என்று எல்லாரும் சொன்னார்கள்; அவன் தந்தையும் அதையே சொன்னார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். “பயமா தம்பி?” என்று கேட்டேன். “இல்ல சார், பந்து கிளம்பினதும் ஓடிடறேன்” என்றான். அவன் சொன்னது சத்தியம் என்பதைப் படம் காட்டிற்று. கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தை, விநாடிக்கு 25 பிரேம் வீதம், ஒவ்வொன்றாக நகர்த்தினோம். பந்து புறப்படும் பிரேமில் அவன் குதிகால் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. மட்டை இடுப்பளவில் நிமிர்ந்திருந்தது. அடுத்த பிரேமில் அவன் இடது கால் எழும்பி, முன்னே போகாமல் பின்னே போயிற்று. பின்னே ஊன்றி, உடம்பைச் சாய்த்து, அதன் பிறகே பாய்ந்தான். அதற்குச் செலவானவை நான்கு பிரேம்கள். விநாடியில் ஆறில் ஒரு பங்கு. அவனுடைய வேகத்துக்கு அது ஒரு மீட்டர் தூரம். அந்த ஒரு மீட்டரைத்தான் ஊரார் பயம் என்று பெயரிட்டு அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வாய்திறக்கவில்லை. அவனே இரண்டு முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, “கால் பின்னால போகுது சார்” என்றான். மறுநாள் முதல் முன்கால் விரல்களில் கனத்தை ஏற்றி, மட்டையின் முனையை ஆரம்பத்திலேயே தரைக்கு அருகில் தாழ்த்தி நிற்கப் பழகினான். பந்தைப் பார்த்துக்கொண்டிராமல், பந்தைத் தள்ளுபவரின் கையைப் பார்க்கவும் பழக்கினோம். பந்து அசைவதற்கு முன் கை அசைந்தே தீர வேண்டும். பந்து ஆடப்படுமுன் கோட்டைத் தாண்டினால் நடுவர் அவனை நடுக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார், அவனிடத்தில் வேறொருவர் வர முடியாது என்பதால், இந்த அப்பியாசத்தில் பொறுமையும் வேகமும் சரிசமமாக வேண்டியிருந்தது. அவன் தந்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தப் பழைய நான்கு பிரேமையும் காட்டினேன். அந்த மாலையில் அவர் முகத்தில் கண்ட மாறுதலைவிடப் பெரிய கோப்பை எதையும் என் மாணவர்கள் எனக்குக் கொண்டுவந்ததில்லை.

தைரியத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லியாக வேண்டும். பாய்ந்து வரும் பந்துக்கு உடம்பைக் கொடுப்பதுதான் வீரம் என்று பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஒருகாலும் ஒப்புக்கொண்டதில்லை. ஐந்து மீட்டருக்குள் இருக்கும் தற்காப்பாளரின் முழங்காலுக்குக் கீழே முதல் எறிதல் பட்டால் மறுபடியும் கார்னர்தான். நியாயமாக நிற்பவரின் முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால், ஆபத்தான ஆட்டம் என்று தற்காப்பவர்களுக்கு ஃபிரீ ஹிட். முகமூடியும் முழங்கால் கவசமும் இல்லாமல் எந்தப் பையனையும் கோட்டில் நிறுத்தலாகாது. நல்ல ரன்னரின் உடம்பு பந்தின் பாதைக்குச் சற்றே வெளியில் இருக்கும். மட்டை மட்டும் பாதைக்குள் இருக்கும். படத்தில் பார்த்தால் அந்த இடைவெளி ஒரு சாண்கூட இராது.

மலேசிய ஹாக்கியின் சுகதுக்கங்கள் இந்த இரண்டு விநாடியோடு பின்னிப்பிணைந்தவை. 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியை என் வயதுக்காரர்கள் எவரும் மறக்கவில்லை. இந்தியாவை எதிர்த்து மலேசியா 2–1 என்று முன்னணியில் இருக்க, ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே பாக்கியிருந்த தறுவாயில், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லம் ஷேர் கான் ஒரு பெனால்டி கார்னரை கோலாக்கினார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலால் இந்தியா 3–2 என்று வென்று, கோப்பையையும் கைப்பற்றியது. மலேசியா நான்காம் இடத்தோடு நின்றது. புல்தரை, கையால் பந்தை நிறுத்த அனுமதி என்று அக்காலத்துக் கார்னர் இன்றையதற்கு மிகவும் வேறுபட்டதாயினும், அந்தத் துக்கத்தின் உருவம் மாறவில்லை. 43 ஆண்டுகள் கழித்து, 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஜகார்த்தாவில் அதே இந்தியாவுடன் அரையிறுதி. இம்முறை 1–2 என்று பின்தங்கியிருந்தது மலேசியா. 59வது நிமிஷத்தில் ராஸி ரஹீம் பெனால்டி கார்னரில் சமன்செய்தார், கோலில் எஸ். குமார் நிற்க, ஷூட்அவுட்டில் மலேசியா 7–6 என்று வென்றது. அன்றிரவு இந்த ஊரில் முதியவர்கள் சிலர் 1975ஐப் பேசித் தீர்த்துக்கொண்டதை நான் அறிவேன்.

ஆயினும் என் தொழிலுக்குப் பாடமாக மாணவர்களுக்குக் காட்ட நான் தேர்ந்தெடுப்பது 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டியைத்தான். ஆகஸ்ட் 6ஆம் தேதி லீக் ஆட்டத்தில் இந்தியா மலேசியாவை 5–0 என்று தோற்கடித்தது. அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் முதல் கோலைப் போட்டார். ஆறே நாள் கழித்து, 12ஆம் தேதி இறுதியாட்டத்தில் அதே இரு அணிகள். மலேசிய அணியின் பயிற்றுநர் அருள் செல்வராஜ். 9வது நிமிஷத்தில் ஜுக்ராஜ் சிங் கார்னரில் கோல் போட்டு இந்தியாவை முன்னிறுத்தினார். 14இல் அபு கமால் அஸ்ராய், 18இல் ராஸி ரஹீம், 28இல் அமினுடின் என்று மலேசியா மூன்று கோல்கள் போட்டு, இடைவேளையில் 3–1 என்று நின்றது. பின்னிரண்டும் கார்னரில் வந்தவை. மூன்றாவது பகுதி முடியும் கட்டத்தில், 45வது நிமிஷத்திலேயே ஹர்மன்பிரீத் சிங்கின் பெனால்டி ஸ்ட்ரோக்கும் குர்ஜந்த் சிங்கின் கோலும் அடுத்தடுத்து விழுந்தன. 56இல் ஆகாஷ்தீப் சிங் அடித்து 4–3 என்று முடித்துவைத்தார்.

தோற்ற ஆட்டத்தை ஏன் காட்டுகிறேன் என்று பையன்கள் கேட்பார்கள். 5–0 ஆட்டத்தையும் 4–3 ஆட்டத்தையும் அருகருகே ஓட்டி, மலேசியத் தற்காப்பு வட்டத்துக்குள் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பார்க்கச் சொல்வேன். அதே ஆட்டக்காரர்கள், அதே திடல், அதே எதிரி. ஆறு நாளில் அவர்களுக்குப் புதிய கால்கள் முளைக்கவில்லை. அந்த இடைவெளியில் யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், யாரோ பொறுமையாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆட்டக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள் என்பது என் அனுமானம். இந்தத் தொழிலில் இருப்பவர் எவரும் அப்படியே அனுமானிப்பார். அந்த இறுதியாட்டத்தைக் கண்டவர்கள் நினைவில் வைத்திருப்பது ஏழு கோல்களை. விழாமற்போன கோல்களை நினைவில் வைத்திருப்பவர்கள் கோல் காவலர்களும் ரன்னர்களும் எங்களைப் போன்றவர்களுமே.

இப்போது பள்ளிப் போட்டி எதற்குப் போனாலும் பெற்றோர் கையில் கைப்பேசி இருக்கிறது. எங்கள் காலத்துத் தோள்சுமைக் கருவியைவிட அது தெளிவாகப் படம்பிடிக்கிறது. ஆனால் எல்லாரும் பக்கவாட்டில் நின்று, தத்தம் பிள்ளையிடம் பந்து வரும்போது மட்டும் எடுக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் கட்சிக்கு எதிராகக் கார்னர் கொடுக்கப்படும்போது, ஒருவராவது கோலின் பின்புறம் பாதுகாப்பான உயரத்தில் போய் நில்லுங்கள். பின்கோட்டில் குனிந்திருப்பவரும் வட்டத்தின் உச்சியும் கோட்டிலிருக்கும் ஐவரும் ஒருசேரத் தெரியும்படி கைப்பேசியைப் பிடியுங்கள். பந்து புறப்படுமுன்பே பதிவைத் தொடங்குங்கள். பந்தின் பின்னால் கையைத் திருப்பாதீர்கள். எடுத்த படத்தை அழித்துவிடாமல் அந்தப் பருவம் முடியும்வரை வைத்திருந்து, பயிற்றுநரிடமும், கோட்டில் நின்ற அந்த ஐந்து பிள்ளைகளிடமும் கொடுங்கள்.